கண்ணில் அடங்கணும், காலில் முளைக்கணும்: ஒரே அப்பாவுக்கு இரண்டும் எப்படி?

இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்துப் படித்துக்கொண்டே வந்தபோது ஒன்று தெரிந்தது. கண் ஊசி, கால் புண், கர்ப்பிணிக்கு பி.பி., புற்றுநோய் மாத்திரை என்று ஆளுக்கொன்றைக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் எல்லாம் போய் நிற்கிற இடம் ஒன்றுதான்: உடம்பில் புது ரத்தக்குழாய் எப்படி முளைக்கிறது, யார் சொல்லி முளைக்கிறது. அதனால் மற்ற கடிதங்களை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: டாக்டரம்மா, அப்பாவுக்கு 62 வயது, 15 வருடமாகச் சர்க்கரை. கண் டாக்டர் பார்த்துவிட்டு, "விழித்திரையில் புது நரம்பு முளைச்சிருக்கு, அதை அடக்கக் கண்ணுக்குள்ளேயே ஊசி போடணும்" என்கிறார். அதே அப்பாவுக்கு வலது பாதத்தில் புண், நாலு மாதமாக ஆறவில்லை. கால் பார்க்கிற டாக்டரோ, "ரத்த ஓட்டம் போதலை, சின்னச் சின்னக் குழாய்கள் புதுசா வந்தாத்தான் சதை பிடிக்கும்" என்கிறார். ஒரே உடம்பு, ஒரே சர்க்கரை. கண்ணில் கூடுதலாகவும் காலில் குறைவாகவும் எப்படி இருக்கும்? கண்ணுக்குப் போடுகிற ஊசி காலைக் கெடுத்துவிடாதா? (ஒரு மகள், குடியாத்தம்)

பதில்: முதலில் ஒரு சின்ன விஷயம். நம் பக்கத்தில் ரத்தக்குழாயையும் நரம்பு என்றுதான் சொல்கிறோம், டாக்டர்களும் நோயாளிக்குப் புரியட்டும் என்று அப்படியே சொல்லிவிடுகிறார்கள். உங்கள் அப்பா கண்ணில் முளைத்திருப்பது ரத்தக்குழாய். அப்பா காலில் மரத்துப்போயிருப்பது நிஜ நரம்பு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், கீழே இரண்டுமே வரும்.

உடம்பில் இருக்கிற ஒவ்வொரு செல்லுக்கும் பக்கத்தில், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அல்லது இரண்டு பங்கு தூரத்துக்குள், ஒரு தந்துகி, அதாவது மயிரை விட மெல்லிய ரத்தக்குழாய், இருந்தாக வேண்டும். அதற்கு மேல் தள்ளிப்போனால் ஆக்சிஜன் எட்டாது. ஏரிப் பாசனம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. கடைமடையில் பயிர் காய்ந்தால் நிலத்துக்காரர் குரல் கொடுப்பார், அந்தக் குரல் காதில் விழுந்த ஆள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்து கால்வாய் வெட்டுவார். உடம்பிலும் அப்படித்தான். ஆக்சிஜன் தட்டுப்பாடு வந்த செல் ஒரு புரதத்தைச் சுரந்து வெளியே விடுகிறது. டாக்டர்கள் அதை 'வெஜ்எஃப்' என்பார்கள், ரத்தக்குழாய் உட்சுவரின் வளர்ச்சிக் காரணி. இது குரல். பக்கத்தில் ஏற்கெனவே ஓடுகிற ரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்களில் இந்தக் குரலைக் கேட்கிற ஏற்பிகள் இருக்கின்றன. அவை காது. காது கேட்காவிட்டால் எவ்வளவு கத்தினாலும் கால்வாய் வராது, இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இதில்தான் இருக்கிறது.

காது கேட்டதும் என்ன ஆகும்? குரல் அதிகமாக விழுகிற ஒரு செல் முன்னால் வந்து, விரல் விரலாக நீட்டித் தடவிக்கொண்டே, குரல் வருகிற திசையில் நகரும். அது முனைச் செல். "நான் போகிறேன், நீங்கள் எல்லோரும் கிளம்பாதீர்கள்" என்று பக்கத்துச் செல்களுக்கு அது வேறொரு சைகை கொடுக்கும், அதனால் அவை பின்னால் நின்று பெருகிக் குழாயின் உடலைக் கட்டும். அப்புறம் வெளியே அணைப்புச் செல்கள் வந்து ஒட்டிக்கொள்ள வேண்டும், கரைக்கு மண் அணைப்பதைப் போல. அவற்றைக் கூப்பிடுவது பிடிஜிஎஃப் என்ற இன்னொரு காரணி, அதைக் கேட்க அணைப்புச் செல்லில் அதற்கென்று தனி ஏற்பி. கரை அணைக்காத குழாய் ஒழுகும், உடையும்.

இப்போது அப்பாவின் கண்ணுக்கு வருவோம். வருடக்கணக்காகச் சர்க்கரை அதிகமாக இருந்தால் விழித்திரைத் தந்துகிகளின் அணைப்புச் செல்கள்தான் முதலில் சாகிறவற்றில் சேர்த்தி. அப்புறம் தந்துகிகள் ஆங்காங்கே அடைபட்டுப்போகும். விழித்திரை உடம்பிலேயே மிக அதிகமாக ஆக்சிஜன் தின்கிற திசுக்களில் ஒன்று, அது பட்டினி தாங்காது, பெருங்குரலில் வெஜ்எஃப்பைக் கொட்டும். கண் மூடிய உருண்டை என்பதால் கொட்டியது உள்ளேயே தேங்கும். காதுகள் நன்றாகக் கேட்கின்றன, குழாய்கள் அவசர அவசரமாக முளைக்கின்றன, ஆனால் அணைக்க ஆளில்லை, முளைப்பதும் தேவையான இடத்தில் இல்லாமல் விழித்திரையின் மேல் ஏறிக் கண்ணின் நடுவில் இருக்கிற ஜெல்லியை நோக்கிப் போகின்றன. ஒரு நாள் உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கொட்டும், அல்லது தழும்பாகச் சுருங்கி விழித்திரையையே பிய்த்து இழுக்கும். அந்த ஊசி செய்வது ஒன்றே ஒன்று, அந்தக் குரல் காதில் விழுவதற்கு முன் நடுவிலேயே பிடித்துக்கொள்கிறது.

காலில் கதை வேறு. அங்கே பெரிய தமனியே அடைபட்டிருக்கலாம். வாய்க்காலின் தலைமதகே மூடியிருந்தால் கடைசியில் கிளை வெட்டி என்ன பயன்? சர்க்கரை அதிகமான தோலில் ஆக்சிஜன் தட்டுப்பாட்டை உணர்கிற அமைப்பே மழுங்கிப்போகிறது, அதனால் குரல் சரியாக எழும்புவதில்லை. ஆறாத புண்ணில் சீழோடு சேர்ந்து ஊறுகிற நொதிகள் எழும்பிய கொஞ்சக் குரலையும் அரித்துவிடுகின்றன. காதும் மந்தம்: குழாய் வளர உதவிக்கு வருகிற ஒருவகை வெள்ளணுக்கள் சர்க்கரை நோயாளிகளின் ரத்தத்தில் வெஜ்எஃப் கூப்பிட்டாலும் சரியாக நகர்ந்து வருவதில்லை என்று ஆய்வில் பார்த்திருக்கிறார்கள், ஏற்பி இருந்தும் உள்ளே சேதி போகவில்லை. ஆகவே கண்ணில் கூச்சல் மிகுதி, காலில் கூச்சலும் குறைவு, கேட்பதும் குறைவு.

ஊசி காலைக் கெடுக்குமா என்ற பயம் நியாயமானது. இந்த வகை ஊசி மருந்துகளில் ஒன்றான பெவாசிசுமாப்பைக் கண்ணுக்குப் போடுகிற அளவு வழக்கமாக 1.25 மில்லிகிராம். அதே மருந்தைப் புற்றுநோய்க்கு ரத்தத்தில் ஏற்றும்போது உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமோ அதற்கு மேலோ கொடுக்கிறார்கள், 60 கிலோ ஆளுக்கு 300 மில்லிகிராம். வித்தியாசத்தைப் பாருங்கள். கண்ணிலிருந்து கொஞ்சம் ரத்தத்தில் கலக்கத்தான் செய்யும், அதனால் சமீபத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வந்திருந்தால் அதையும், காலில் புண் இருப்பதையும் கண் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் கால் புண்ணைக் காரணம் காட்டி ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம்.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஊசியின் வேலை சில வாரங்கள்தான். விழித்திரையின் பட்டினி தீரவில்லை, குரலை மட்டும்தான் அடக்கியிருக்கிறோம். விரிஞ்சிபுரத்தில் இருந்த என் பெரியம்மா இரண்டு ஊசியில் பார்வை தெளிந்ததும் "இனிமே எதுக்கு" என்று நிறுத்திவிட்டார், பஸ் ஏறி வரவேண்டுமே, கூட வர ஆள் வேண்டுமே. ஒன்பது மாதம் கழித்துக் கூட்டிவந்தபோது ஒரு கண் போயிருந்தது. தொடர்ந்து வருவது கஷ்டம் என்றால் அதைக் கூச்சப்படாமல் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். லேசர் என்று ஒரு வழி இருக்கிறது. அது விழித்திரையின் ஓரப் பகுதிகளில் பொட்டுப் பொட்டாகச் சுட்டு ஆக்சிஜன் தேவையையே குறைக்கிறது, குரல் தானாகத் தணிகிறது, பலன் நீடித்து நிற்கும். உங்கள் வீட்டு நிலைமைக்கு எது பொருந்தும் என்பதை அவர் முடிவு செய்ய அந்தத் தகவல் அவருக்கு வேண்டும்.

காலுக்கு: 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் தொழுநோயாளிகளின் பாதங்களைப் பார்த்துப் பார்த்து ஒன்றைச் சொன்னார். கிருமி சதையைத் தின்று விரல் விழவில்லை, வலி தெரியாததால் அவர்கள் புண்ணின் மேலேயே நடக்கிறார்கள், அதுதான் பாதத்தை அழிக்கிறது என்றார். சர்க்கரைக் காலும் அதே கதைதான். பிடிஜிஎஃப் கலந்த களிம்பு ஒன்றுக்கு 1997இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, இங்கேயும் எழுதித் தருகிறார்கள், சிலருக்குப் பலன் தருகிறது. ஆனால் அப்பா அந்தக் காலை ஊன்றி நடந்துகொண்டே களிம்பு தடவினால், முளைக்கிற தந்துகிகள் ஒவ்வொரு அடியிலும் நசுங்கும். முதலில் தமனியில் அடைப்பு உண்டா என்று டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பாருங்கள், இருந்தால் அதைத் திறக்க முடியுமா என்று கேளுங்கள். புண்ணுக்கு ஓய்வு கொடுங்கள், பாரம் இறங்குகிற மாதிரி கட்டோ காலணியோ வாங்குங்கள். புண் ஆறிய பிறகு எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு இல்லாமல் வீட்டுக்குள்ளேகூட நடக்க விடாதீர்கள்.

கேள்வி: வெஜ்எஃப்புக்கு மூன்று ஏற்பிகள் என்று பாடத்தில் இருக்கிறது. இரண்டாவதுதான் எல்லா வேலையும் செய்கிறது, முதலாவது வெஜ்எஃப்பை இன்னும் இறுக்கமாகப் பிடித்தாலும் உள்ளே சேதியே சரியாக அனுப்புவதில்லை என்று மேடம் சொன்னார்கள். வேலை செய்யாத ஒன்றை உடம்பு எதற்கு வைத்திருக்கிறது? (இளங்கலை மாணவி, காட்பாடி)

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். இதே கேள்விதான் 1990களில் ஆய்வுக்கூடங்களில் இருந்தது.

ஏற்பி எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். செல்லின் வெளியே ஏழு வளையங்கள் கோத்த மாதிரி ஒரு பகுதி, சவ்வைத் துளைத்துப் போகிற ஒரு தண்டு, உள்ளே டைரோசின் கைனேஸ் என்கிற நொதிப் பகுதி. வெஜ்எஃப் இரட்டையாக ஒட்டிய புரதம், அதனால் ஒரே சமயத்தில் இரண்டு ஏற்பிகளைப் பிடித்துப் பக்கத்தில் இழுக்கிறது. இரண்டும் நெருங்கியதும் உள்ளே இருக்கிற வால்கள் ஒன்றின் மேல் ஒன்று பாஸ்பேட்டை ஒட்டுகின்றன. அந்தப் பாஸ்பேட்டைப் பிடித்துக்கொண்டு மற்றப் புரதங்கள் வரிசையாக வேலையைத் தொடங்குகின்றன: பெருகு, நகரு, சாகாதே, சுவரைக் கொஞ்சம் இளக்கு, நைட்ரிக் ஆக்சைடு சுரந்து குழாயை விரித்து வை. கடைசியாகச் சொன்ன நைட்ரிக் ஆக்சைடை மறந்துவிடாதீர்கள், அடுத்த இரண்டு பதில்களில் அது வரும்.

1995இல் எலிகளில் இந்த ஏற்பிகளின் ஜீனைத் தனித்தனியாக நீக்கிப் பார்த்தார்கள். இரண்டாவது ஏற்பி இல்லாத எலிக் கரு ஒன்பதாம் நாள் வாக்கில் இறந்தது, அதில் ரத்தக்குழாயே உருவாகவில்லை. இது எதிர்பார்த்ததுதான். முதல் ஏற்பி இல்லாத கருவும் அதே சமயத்தில் இறந்தது, ஆனால் ரத்தக்குழாய்ச் செல்கள் அளவுக்கு மீறிப் பெருகி, தாறுமாறாகக் குவிந்து, ஒழுங்கான குழாயாக ஆக முடியாமல் இறந்தது! அப்புறம் முதல் ஏற்பியின் உட்பகுதியை மட்டும் வெட்டிவிட்டு வெளிப்பகுதியை விட்டுவைத்த எலிகளைப் பார்த்தால் அவை பிழைத்துக்கொண்டன. அதாவது, கருவில் முதல் ஏற்பியின் முக்கிய வேலை பேசுவது அல்ல, வெஜ்எஃப்பைப் பிடித்து வைத்துக்கொள்வது. மிகுதித் தண்ணீரை வாங்கி வெளியேற்றுகிற கலங்கல் இல்லாத ஏரி கரை உடையும் இல்லையா, அந்த மாதிரி. வளர்ந்த உடம்பில் வெள்ளணுக்களை நகர்த்துவது போன்ற வேலைகளுக்கு அதன் உட்பகுதியும் தேவைப்படுகிறது, அதனால் சும்மா இருக்கிற ஏற்பி என்று எழுதிவிடாதீர்கள்.

மேடம் சொன்ன அந்த இறுக்கமான பிடியை அப்படியே மருந்தாக்கிவிட்டார்கள். கண்ணுக்குப் போடுகிற அஃப்லிபெர்செப்ட் என்பது முதல் ஏற்பியிலிருந்து ஒரு வளையம், இரண்டாவதிலிருந்து ஒரு வளையம் எடுத்துக் கோத்துச் செய்த பொய்க் காது. 2011இல் கண்ணுக்கு அனுமதி பெற்றது. மூன்றாவது ஏற்பியைப் பற்றிக் கீழே ஒரு கடிதம் இருக்கிறது.

கேள்வி: மருமகளுக்கு ஏழாம் மாதம். பி.பி. 150/100, சிறுநீரில் புரதம் போகிறது என்று படுக்கச் சொல்லிவிட்டார்கள். நான் உப்பு அதிகம் போட்டுச் சமைத்ததால்தான் என்று வீட்டில் பேச்சு. உண்மையா? (ஒரு மாமியார், ஆரணி)

பதில்: இல்லை அம்மா. இதை டாக்டர்கள் ப்ரீ-எக்லாம்ப்சியா என்பார்கள். உங்கள் கையால் வந்தது அல்ல, அந்தப் பழியை இறக்கி வையுங்கள். மேலே சொன்ன முதல் ஏற்பியின் வெளிப்பகுதி மட்டும் தனியாக உடைந்தாற்போல ரத்தத்தில் மிதக்கிற ஒரு வடிவம் உண்டு. சில கர்ப்பங்களில் நஞ்சுக்கொடிக்கு ரத்த ஓட்டம் சரியாக அமையாமல் அது இந்த மிதக்கும் ஏற்பியை அளவுக்கு மீறித் தாயின் ரத்தத்தில் விடுகிறது. அது தாயின் வெஜ்எஃப்பைப் பிடித்துக்கொள்ள, தாயின் ரத்தக்குழாய்களுக்கு அன்றாடம் வேண்டிய குரலே கேட்காமல் போகிறது. நைட்ரிக் ஆக்சைடு குறைந்து பி.பி. ஏறுகிறது, சிறுநீரக வடிகட்டி பழுதாகிப் புரதம் ஒழுகுகிறது. பாஸ்டனில் அனந்த் கருமஞ்சியும் அவருடைய குழுவும் 2003இல் இதை எலிகளில் காட்டினார்கள், மிதக்கும் ஏற்பியைக் கொடுத்தாலே கர்ப்பிணி எலிக்கு இந்த நோய் வந்தது. இதை அளக்கிற ரத்தப் பரிசோதனைக்கு 2023இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. குழந்தையும் நஞ்சும் வெளியே வந்தால்தான் இதற்குத் தீர்வு, அதுவரை நாளைக் கடத்துவதுதான் டாக்டர்கள் செய்வது. தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்றில் வலி, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், நடு இரவானாலும் கூட்டிக்கொண்டு போங்கள். அடுத்த முறை கர்ப்பம் என்றால் மூன்றாம் மாதத்திலேயே இதைச் சொல்லிவிடுங்கள், சிறு அளவு ஆஸ்பிரின் வேண்டுமா என்று டாக்டர் முடிவு செய்வார்.

கேள்வி: மாமாவுக்குச் சிறுநீரகப் புற்றுநோய், சுனிட்டினிப் மாத்திரை சாப்பிடுகிறார். பி.பி. இதுவரை இல்லாதவருக்கு இப்போது 160. உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து உரிகிறது. ஷூ கம்பெனியில் நின்றுகொண்டே வேலை. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிடலாமா? (ஒரு வாசகர், ஆம்பூர்)

பதில்: தானாக நிறுத்த வேண்டாம். புற்றுக்கட்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வளர வேண்டுமானால் அதற்கென்று ரத்தக்குழாய் வேண்டும் என்று அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971இல் சொன்னபோது நம்பியவர்கள் குறைவு. சிறுநீரகப் புற்றில் பெரும்பாலான வகைக்கு ஒரு விசேஷம்: ஆக்சிஜன் தட்டுப்பாட்டை அறிவிக்கிற புரதத்தைத் தேவையில்லாதபோது அழிக்கிற ஜீன் அந்தச் செல்லில் கெட்டுப்போயிருக்கும். ஆக்சிஜன் தாராளமாக இருந்தாலும் 'இல்லை இல்லை' என்று வெஜ்எஃப்பைக் கொட்டிக்கொண்டே இருக்கும். இந்த ஆக்சிஜன் உணர்வைக் கண்டுபிடித்த கெய்லின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். மாமாவின் மாத்திரை செல்லுக்குள் புகுந்து ஏற்பியின் உள்பக்கத்து நொதியை அடைத்துவிடுகிறது. வெளியே குரல் கேட்டாலும் சேதி உள்ளே நகராது.

கட்டியின் ஏற்பியை மட்டும் அடை என்று மாத்திரையிடம் சொல்ல முடியாது, உடம்பு முழுக்க அடைக்கிறது. அதனால்தான் பி.பி. ஏறுகிறது, ஆரணி அம்மாவின் மருமகளுக்கு வந்த அதே காரணம், வழிதான் வேறு. பி.பி. மாத்திரை சேர்த்துச் சமாளிக்கலாம், அளவைக் குறைக்கலாம், சில நாள் இடைவெளி விடலாம், ஆனால் அது உங்கள் புற்றுநோய் டாக்டர் செய்ய வேண்டியது, இந்த வாரமே போய்ச் சொல்லுங்கள். கை காலுக்கு யூரியா கலந்த களிம்பு, மெத்தென்ற தளர்வான செருப்பு, கொதிக்கிற வெந்நீர் வேண்டாம், முடிந்தால் உட்கார்ந்து செய்கிற வேலைக்கு மாற்றிக் கேளுங்கள். பல் பிடுங்குவதாக இருந்தாலும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள், இந்த மாத்திரையில் காயம் ஆறுவது தாமதமாகும்.

கேள்வி: 38 வயது, பீடிப் பழக்கம் 20 வருடமாக. கால் கட்டைவிரல் கறுத்துவிட்டது. பர்ஜர் நோய் என்கிறார்கள். புது ரத்தக்குழாய் வளர ஊசி இருக்கிறதாமே? (ஒரு வாசகர், பேரணாம்பட்டு)

பதில்: பர்ஜர் நோய் என்பது புகையிலைப் பழக்கத்தால் கை கால்களின் ரத்தக்குழாய்கள் அழற்சியாகி அடைபட்டுப்போவது. 1990களில் வெஜ்எஃப் ஜீனையே கால் சதையில் ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். ஆரம்பத்தில் சிலருக்குப் புதுக் குழாய்கள் தெரிந்தன, கூடவே கால் வீங்கியது. பெரிய அளவில் சோதித்தபோது எதிர்பார்த்த பலன் வரவில்லை. குடியாத்தத்து மகளுக்குச் சொன்னதுதான் காரணம்: குரல் மட்டும் போதாது, கரை அணைக்கிற செல்கள் வர வேண்டும், குழாய் நிலைத்து நிற்க டை-2 என்கிற இன்னொரு ஏற்பிக்கும் அதற்குரிய சேதி போக வேண்டும், அடைபட்ட தமனியைச் சுற்றிப் போகிற மாற்று வழிகள் ரத்தத்தின் ஓட்ட விசையால்தான் பருக்கும். பர்ஜர் நோயில் காலைக் காப்பாற்றுகிறதென்று உறுதியாகச் சொல்ல முடிகிற ஒன்று பீடியை முழுசாக விடுவது. ஒரு நாளைக்கு இரண்டு என்று குறைப்பது இந்த நோயில் செல்லாது, ஹான்ஸ், பான்பராக்கும் கூடாது. விட்டவர்களில் பெரும்பாலோருக்குக் காலை எடுக்கவேண்டி வருவதில்லை, விடாதவர்களின் கதையை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வீட்டில் பீடி சுற்றுகிற தொழில் என்றால் பழக்கத்தை விடுவது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். தனியாகப் போராடாதீர்கள், புகையிலையை நிறுத்த மாத்திரையும் ஆலோசனையும் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். கறுத்த விரலை இன்று நாளை என்று தள்ளாமல் ரத்தக்குழாய் அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பிறந்ததிலிருந்தே என் மகளுக்கு இரண்டு பாதமும் வீக்கம். யானைக்கால் என்று ஒதுக்குகிறார்கள். (ஒரு தந்தை, வாலாஜாபேட்டை)

பதில்: யானைக்கால் கொசு கடித்து, கிருமி உடம்பில் தங்கி வருவது, பிறக்கும்போதே இருக்காது. மூன்றாவது ஏற்பி, திசுக்களில் தேங்குகிற நீரை வடிக்கிற நிணநீர்க் குழாய்களை வளர்ப்பது, அதன் ஜீனில் பிழை இருந்தால் பிறவியிலேயே பாதம் வீங்கும், மில்ராய் நோய் என்பார்கள். ஒட்டாது. குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று விசாரித்துக்கொண்டு மரபியல் மருத்துவரைப் பாருங்கள். இறுக்கமான காலுறை, விரலிடுக்கை ஈரமில்லாமல் வைத்திருப்பது, சின்னச் சிராய்ப்புக்கும் உடனே மருந்து, இவை இருந்தால் பிள்ளை எல்லோரையும் போலப் பள்ளிக்குப் போகலாம், விளையாடலாம்.

கேள்வி: பைபாஸ் வேண்டாம், 'ரத்தக்குழாயைப் புதிதாக வளர்க்கும்' என்று ஒரு பொடி 48 நாளைக்கு 6,000 ரூபாய் என்று விற்கிறார்கள். ஏற்கெனவே ஒரு பொட்டலம் வாங்கிவிட்டேன். சாப்பிடலாமா? (ஒரு வாசகர், சத்துவாச்சாரி)

பதில்: வேண்டாம். வாயால் சாப்பிட்டு இதயத்தில் மட்டும் குழாயை வளர்க்கிற பொருள் எதுவும் இல்லை. நிஜமாகவே அப்படி வளர்க்கிற ஒன்று இருந்தால் அது கண்ணிலும் வளர்க்கும், உடம்பில் எங்காவது தூங்கிக்கொண்டிருக்கிற கட்டிக்கும் வளர்க்கும். பைபாஸ் பற்றிச் சந்தேகம் என்றால் இன்னொரு இதய மருத்துவரிடம் ஆஞ்சியோ படம் பதிந்த சி.டி.யைக் காட்டி இரண்டாவது கருத்துக் கேளுங்கள், அதில் தப்பே இல்லை. வாங்கிய பொட்டலத்தைத் தூக்கி எறியாமல் அந்த மருத்துவரிடம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள், ஏற்கெனவே சில வேளை சாப்பிட்டிருந்தால் அதையும் சொல்லி, சிறுநீரகத்துக்கும் கல்லீரலுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.